மருந்தம்மாவின் பரீட்சை

அன்று காலை ஷட்டரைத் தூக்குவதற்குள் மருந்தம்மாவின் கணவர் ஆறு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். முந்தின நாள் இரவே கடைத் தரையை இரண்டு முறை துடைத்தாயிற்று. காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சின் ஆடுகிற காலுக்கு அட்டைப்பெட்டியை மடித்து முட்டுக் கொடுத்தாயிற்று. கண்ணாடி அலமாரியில் இருமல் மருந்துப் பாட்டில்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல உயர வரிசையில் நின்றன. மருந்தம்மா மட்டும் வழக்கம்போல ஷட்டருக்கு முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றாள். தன் கையால் யாருக்கும் கெடுதல் வந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய தினசரிப் பிரார்த்தனை. கடவுளிடம் அதற்கு மேல் எதுவும் கேட்டதில்லை.

"மார்க்கும் சேர்த்துக் கேளு," என்றார் கணவர்.

"அவருக்கு வேற வேலை இல்ல பாருங்க," என்றபடி அவள் ஷட்டரைத் தூக்கினாள்.

அவர் பதறியதிலும் நியாயம் இருந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, மூட்டுவாதம் என்று நாள்பட்ட நோயுள்ள முந்நூறு பேருக்குச் சுகாதாரத் துறை தருகிற மாத மருந்துகளை, ஆறு வருடமாக இந்தக் கடைதான் வழங்கி வந்தது. வருடத்துக்கு ஒரு நாள் துறையிலிருந்து ஒருவர் வருவார். மருந்து வாங்குகிறவர்களிடம் ஆளுக்கொரு அட்டை கொடுத்து, எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், மரியாதையாக நடத்தினார்களா, மருந்தைப் பற்றி விளக்கினார்களா, மொத்தத்தில் திருப்திதானா என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொல்வார். எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு எழுபது வரவேண்டும். போன வருடம் வந்தது அறுபத்தாறு. ஒரு வருடம் அவகாசம் தந்தார்கள். இந்த முறையும் எழுபது வராவிட்டால் முந்நூறு பேரும் இரண்டு பஸ் மாறி, பெரிய மருத்துவமனைக்குப் போய்த்தான் மருந்து வாங்க வேண்டும். முழங்கால் வீங்கினவர்கள், நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கிறவர்கள். பாதிப் பேர் போகமாட்டார்கள், மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று மருந்தம்மாவுக்குத் தெரியும்.

போன வருடம் மதிப்பெண்ணைக் குடித்தது அவளுடைய பரீட்சைதான்.

மருந்தை எடுத்துவைத்து, எப்படிச் சாப்பிடவேண்டும் என்று சொல்லி முடித்தபிறகும் அவள் கவரைக் கொடுக்கமாட்டாள். "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க," என்பாள். எந்த மாத்திரை, எப்போது, எத்தனை என்று வந்தவர் தன் வாயால் சொன்னால்தான் கவர் கைமாறும். தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. எட்டாம் வகுப்பில் பரீட்சைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடிவந்தவனை ஐம்பது வயதில் பிடித்து உட்காரவைத்துவிட்டார்களே என்று பழ வியாபாரி ஒவ்வொரு மாதமும் புலம்புவார். வங்கி வாட்ச்மேன் வரிசையில் நிற்கும்போதே உதட்டை அசைத்து மனப்பாடம் செய்வார். சிரித்துக்கொண்டே வந்து போகிறவர்கள்தான். ஆனாலும் 'காத்திருந்த நேரம்' என்ற கட்டத்தில் ஒன்றும் இரண்டுமாகப் போட்டுவிட்டுப் போனார்கள். அதுவும் உண்மைதானே!

இந்த ஒரு நாள் மட்டும் பரீட்சை வேண்டாம் என்று ஒரு வாரமாகக் கணவர் அவளைக் கெஞ்சினார். சொல்ல வேண்டியதைச் சொல், கவரைக் கொடு, அடுத்த ஆளைக் கூப்பிடு. நாளையிலிருந்து நீ முழு ஆண்டுப் பரீட்சையே வைத்துக்கொள் என்றார். முந்நூறு பேரை நினைத்து அவள் கடைசியில் தலையாட்டினாள். நல்லதற்காகத்தானே என்று நாம் செய்துவிடுகிற தவறுகளை வாசலிலேயே நிறுத்திக் கேட்க ஆள் இருப்பதில்லை.

ஒன்பது மணிக்குத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, அழுத்தி வாரிய தலை, கையில் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி. பெட்டியின் மூடியில் அட்டை போடுவதற்கு ஒரு வாய். வரிசையில் நின்றவர்கள் பத்தே நிமிஷத்தில் அவளுக்கு 'மார்க்கம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் வாசல் ஓரம் ஸ்டூலில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று குறித்துக்கொண்டாள்.

அன்றைய வேகம் அந்தத் தெரு அதுவரை பார்க்காதது. மருந்தம்மா சீட்டை வாங்கினாள், எடுத்தாள், சொன்னாள், கொடுத்தாள். கணவர் பில் போட்டார், அட்டையும் பேனாவும் நீட்டினார், அடுத்தவரைக் கூப்பிட்டார். பெஞ்சில் உட்கார்ந்தவர் சூடு ஏறுவதற்குள் எழுந்தார். உற்சாகத்தில் கணவருக்குக் கல்லாவில் உட்காரவே முடியவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் பத்தொன்பது பேர் போயாயிற்று. ஒரு நாளும் இப்படி ஓடியதில்லை.

தையல்காரி அக்கா மட்டும் கவரை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"என்ன மருந்தம்மா, எங்கிட்ட எதுவும் கேக்கலயே?"

"இன்னைக்குக் கொஞ்சம் அவசரம்க்கா. போன மாச மருந்தேதான்."

"போன மாசமும் அதே மருந்துதான். கேட்டீங்களே."

கோபமா என்று விசாரித்தாள். இல்லை என்றதும், அப்படியானால் தன்னைக் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று முடிவு கட்டிவிட்டீர்களா என்று கேட்டாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாளாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அட்டையில் எதையோ அழுத்திப் போட்டுவிட்டுப் போனாள். மருந்தம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுத்தவர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார்.

பத்தரை மணி இருக்கும். வரிசை ஒரு நிமிஷம் ஓய்ந்தபோது கணவர் அவளருகில் வந்து தணிந்த குரலில், சிரிப்பை அடக்கமாட்டாமல் சொன்னார்.

"கொஞ்சம் முன்ன வந்தாரே ஒரு டைல்ஸ்காரர், தோள்ல சாக்குப் பையோட, அவர் எல்லாத்துக்கும் அஞ்சு போட்டாரு தெரியுமா? கேள்வியைப் படிக்கக்கூட இல்ல. டக்டக்டக்னு போட்டுட்டு ஓடிட்டாரு."

"படிக்கவே இல்லயா?"

"பார்த்தேனே. காதுல போன், கையில பேனா. மனுஷன்னா அப்படி இருக்கணும்."

மருந்தம்மாவின் கை அப்படியே நின்றது. அந்த ஆள் கவுண்டரிலும் காதில் போனோடுதான் நின்றார். அவள் சொன்னபோதும் தலையை இப்படித்தான் ஆட்டினார், டக்டக்டக்கென்று. புதிதாக வந்தவர். மூட்டுவாதத்துக்கு அவர் வாங்கிப்போன மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டியது. அந்த நாளில் நாலு மாத்திரை. மற்ற ஆறு நாள் தொடக்கூடாது. மற்ற மாத்திரை மாதிரி தினமும் போட்டால் ரத்தம் கெட்டு, வாயெல்லாம் புண்ணாகி, உயிருக்கே வினையாகிவிடும். அவளுடைய பரீட்சை பிறந்ததே இந்த மாதிரி மாத்திரைகளுக்காகத்தான்.

பில்லை எடுத்துப் பார்த்தாள். அவசரத்தில் போன் நம்பர் வாங்கவில்லை. சீட்டு எழுதிய டாக்டரின் கிளினிக்குக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அவர் வேற என்ன பேசினாரு? ஞாபகப்படுத்திச் சொல்லுங்க."

கணவருக்கு அப்போதுதான் முகம் மாறியது. பதினோரு மணி பஸ்ஸுக்குப் போகவேண்டும், சீக்கிரம் கொடுங்கள் என்று சொன்னாராம். வெளியூரில் பெரிய கட்டடத்தில் வேலை, திரும்பி வர ஒரு மாதம் ஆகும் என்று போனில் பேசிக்கொண்டிருந்தாராம்.

மருந்தம்மா வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கவுண்டரின் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கணவர் ஓரடி கூடவே வந்து, மருந்தாளுநர் இல்லாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்க முடியாதே, வரிசை நிற்கிறதே, அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாளே என்று சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார். "போயிட்டு வா. இங்க நான் பார்த்துக்கறேன்," என்றார்.

வரிசையில் இரண்டாவதாக நின்ற பள்ளி வேன் டிரைவர், விஷயம் பாதி புரிந்ததுமே சாவியை எடுத்துவிட்டார். "ஏறுங்க மருந்தம்மா. பஸ் ஸ்டாண்டுதானே? பிள்ளைங்க இல்லாத நேரத்துல இது எப்படிப் போகும்னு நீங்க பார்த்ததே இல்லயே."

உண்மையில் அவள் பார்த்ததில்லை. பார்த்தபிறகு, பார்க்காமலே இருந்திருக்கலாம் என்றிருந்தது. குழந்தைகளின் உயரத்துக்குப் போட்ட சின்ன இருக்கையில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வேன் சந்தைத் தெருவில் புகுந்து, தண்ணீர் லாரிக்கும் சுவருக்கும் நடுவில் மயிரிழையில் நுழைந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் டிரைவர் மணி சொன்னார். பத்து நாற்பத்தாறு. பத்து ஐம்பத்தொன்று. ரயில்வே கேட் மூடியிருந்தது. இரண்டு நிமிஷம் அங்கேயே போயிற்று. அவளுடைய உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம். வெளியூர் வரிசையில் நாலு பஸ் உறுமிக்கொண்டு நின்றன. எந்த ஊர் என்று கேட்கத் தோன்றாமல் போயிற்றே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதல் பஸ்ஸில் ஏறினாள். "டைல்ஸ் வேலை பார்க்கறவர் யாராவது இருக்கீங்களா? மருந்துக் கடையில இருந்து வரேன்." யாரும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. அதற்குள் வேன் டிரைவர் தன் வண்டியைக் கொண்டுபோய் வெளிவாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, இன்ஜின் நின்றுவிட்டதுபோல மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டார். பஸ் டிரைவர் ஹாரனை அழுத்தினார். அந்த நேரமே போதும், மருந்தம்மா ஓடி ஏறிவிட்டாள்.

ஜன்னலோரம், மடியில் சாக்குப் பையோடு அவர் உட்கார்ந்திருந்தார். போன் இப்போதும் காதில்தான்.

"அண்ணே, போனைக் கொஞ்சம் வைங்க. அந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடப் போறீங்க? எனக்குச் சொல்லுங்க."

அவர் திருதிருவென்று விழித்தார். வெள்ளைக் கோட்டோடு ஒரு பெண் மூச்சிரைக்க பஸ்ஸில் ஏறி இப்படிக் கேட்டால் யாரும் அப்படித்தான் விழிப்பார்கள்.

"நாலுன்னு சொன்னீங்கல்ல? காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு. இன்னைக்கு ராத்திரி ஆரம்பிக்கலாம்னு..."

"தினமுமா?"

"பின்ன? மாத்திரைன்னா தினமும்தானே."

மருந்தம்மா பக்கத்து இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நல்லவேளை, வந்து சேர்ந்துவிட்டோம் என்றிருந்தது. அவள் நிதானமாகச் சொன்னாள். வாரத்தில் ஒரு நாள். அந்த ஒரு நாளில் நாலு. மற்ற நாளில் தொடவே கூடாது, தொட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். உங்களுக்கு எந்த நாள் தோது என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். குரல் உள்ளே போயிருந்தது.

"சரி. இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை நாலு."

"திங்கக்கிழமை?"

"திங்கக்கிழமை... ரெண்டு?"

"அண்ணே!" என்றார் பின்சீட்டுக்காரர். "திங்கக்கிழமை ஒண்ணும் இல்லண்ணே!"

"நீங்க சொல்லிக் குடுக்காதீங்க," என்றாள் மருந்தம்மா.

கண்டக்டர் டிக்கெட் இயந்திரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். "பெரியவரே, சீக்கிரம் பாஸ் பண்ணுங்க. நீங்க பாஸ் பண்ணாத்தான் வண்டி நகரும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. டைல்ஸ்காரரும் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, விரலை மடக்கி, ஞாயிறு நாலு, திங்கள் கிடையாது, செவ்வாய் கிடையாது என்று சனிவரை பிசகாமல் சொல்லி முடித்தார். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் சேர்த்துப் போட்டுக்கொள்ளாமல் கடைக்குப் போன் செய்வேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவள் மருந்துப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'ஞாயிறு மட்டும்' என்று எழுதினாள். நம்பர் வாங்கிக்கொண்டாள். அவள் படியில் இறங்கும்போது அவர் எழுந்து நின்றார். கையைக் கூப்பினார்.

வெளிவாசலில் வேனின் இன்ஜின் தானாகவே சரியாகிவிட்டது.

கடைக்குத் திரும்பியபோது பதினொன்றரை ஆகப்போகும் நேரம். வரிசை கலைந்துபோயிருக்கும் என்று நினைத்துத்தான் வந்தாள். கலையவில்லை, வாசலைத் தாண்டி சைக்கிள் கடைவரை நீண்டிருந்தது. அவள் ஏன் போனாள் என்பதைக் கணவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டிருந்தார். தன்னால்தான் பரீட்சை நின்றது என்பதையும் சேர்த்து. ஆஸ்துமாக்காரர் ஒருவர் உறிஞ்சு மருந்துக் குழலைக் கையில் வைத்துக்கொண்டு, தான் செய்வது சரியா என்று பக்கத்திலிருந்தவரிடம் காட்டிக்கொண்டிருந்தார். அவரும் தெரிந்தமாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"கிடைச்சாரா?" என்று வரிசை கேட்டது.

"கிடைச்சாரு. பாஸ் பண்ணிட்டாரு," என்றார் வேன் டிரைவர்.

மருந்தம்மா நேரே துறைப் பெண்ணிடம் போனாள். அந்த டைல்ஸ்காரர் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டிருக்கிறார், அது எங்களுக்குச் சேராது, எடுத்துவிடுங்கள் என்றாள். அட்டையில் பெயர் கிடையாது, எது அவருடையது என்று தெரியாது, பெட்டியில் விழுந்ததை எடுக்கவும் முடியாது என்று அந்தப் பெண் சொன்னாள். பிறகு தயங்கி, "கடை நாற்பத்தெட்டு நிமிஷம் நடக்கலன்னு நான் எழுதியாகணும். எழுதாம இருக்க முடியாதுங்க," என்றாள்.

"எழுதுங்க. அது உண்மைதானே."

அதற்கப்புறம் அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் முழுப் பரீட்சை. அவளே எதிர்பார்க்காத ஒன்று நடந்தது: கேட்பதற்கு முன்னாலேயே அவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். பழ வியாபாரி தன்னுடையதைச் சொல்லிவிட்டு, மனைவியுடையதையும் ஒப்பித்தார். ஆஸ்துமாக்காரர் குழலை உறிஞ்சிவிட்டு மூச்சைப் பிடிக்காமல் விட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. பத்து எண்ணும்வரை பிடிக்கவேண்டும் என்று அவள் சொன்னதும், பெஞ்சில் இருந்தவர்கள் சேர்ந்து எண்ணினார்கள்.

மதியம் கூட்டம் குறைந்ததும் மருந்தம்மா காலையில் போட்ட பில்களை எடுத்து எண்ணினாள். டைல்ஸ்காரர் போகப் பதினெட்டு பேர். போனில் பிடிக்க முடிந்தவர்கள் பன்னிரண்டு. அவர்களை அவள் கவுண்டரிலிருந்தே கூப்பிட்டுக் கேட்டாள். எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். மீதி ஆறு பேரிடம் என்ன கேட்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதினாள். கணவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தப்பாகச் சொன்னால் உடனே போன் செய்வதாகச் சொல்லி, சைக்கிளில் ஏறினார்.

ஐந்து மணிக்குத் துறைப் பெண் பெட்டியைத் திறந்தாள். நாற்பது அட்டை. ஸ்டூலில் உட்கார்ந்து கால்குலேட்டரைத் தட்டித்தட்டிக் கூட்டினாள். மருந்தம்மா கையைக் கட்டிக்கொண்டு, அலமாரியைப் பார்ப்பதுபோல நின்றாள்.  காத்திருந்த நேரத்துக்கு வந்தது போன வருடத்தைவிடக் குறைவு. காலை அட்டைகளில் விளக்கத்துக்குப் பெரும்பாலும் இரண்டும் மூன்றும்தான். வேகமாகப் போனவர்களுக்கு வேகம் பிடித்தது, ஆனால் ஏதோ குறைந்ததும் தெரிந்திருக்கிறது. பதினொன்றரைக்குப் பிறகு விழுந்த அட்டைகள்தான் தராசை ஏற்றின. அந்தப் பெண் ஒரு தடவை கூட்டினாள், நம்பாமல் மறுபடி கூட்டினாள், காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். எழுபத்தொன்று.

"பாஸ்தான். இனி வர்ற வருஷமும் மருந்து உங்க கடையிலதான்," என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மருந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது. ஒரு வாரமாகத் தூக்கமில்லாமல் அலைந்த மனுஷனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். சட்டென்று சொல்வதா, கொஞ்சம் அலைக்கழித்துச் சொல்வதா?

ஆறு மணிக்குச் சைக்கிள் வந்து நின்றது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. படியேறும்போதே அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"அஞ்சு பேர் சரி. ஆறாவது வீடு, அந்தக் கைக்குழந்தைக்காரப் பொண்ணு, காய்ச்சலுக்கு மருந்து வாங்கிட்டுப் போச்சே. பாட்டில்ல இருக்கறது வெறும் பொடி. தண்ணி ஊத்திக் கலக்கணும்னு அதுக்குத் தெரியல. பொடியையே கரண்டி நுனியில எடுத்துக் குழந்தை நாக்குல வைக்கப் போச்சு. நான் போன நேரம் பார்த்துக்கோயேன்! அப்பத்தானே உனக்குப் போன் பண்ணேன்? நீ சொன்னமாதிரியே, காய்ச்சி ஆறவெச்ச தண்ணி, பாட்டில்ல இருக்கற கோடு வரைக்கும். அந்தப் பொண்ணு ஊத்துச்சு, நான் கோட்டைப் பார்த்துச் சொன்னேன். அப்புறம் அதை விடல. எத்தனை மில்லி, எத்தனை தடவை, எத்தனை நாள்னு திருப்பிச் சொல்ல வெச்சுட்டுத்தான் வந்தேன்."

"தெரியும். நான்தானே போன்ல இருந்தேன்."

"கேளு முதல்ல. குழந்தை குடிச்சுது. ஒரு சொட்டு துப்பல."

அவர் சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, கோடுவரை தண்ணீர் ஏறியதை விரலால் காட்டி, முதலிலிருந்து மறுபடியும் சொன்னார். மருந்தம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். முப்பது வருடத்தில் அவர் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவள் இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறாள்.

ஷட்டரைப் பாதி இறக்கியபிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

"ஆமா, மார்க் என்னாச்சு?"